சின்ன ஊரில் மழைக்கும் காற்றுக்கும் கரன்ட் போனால்: முன்னேற்பாடு முதல் திரும்ப வரும் நிமிஷம் வரை

புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலைதான் டார்ச்சைத் தேடி எடுப்போம். அதில் பேட்டரி தீர்ந்திருக்கும். போனில் 20 சதவீதம்தான் இருக்கும், தண்ணீர்த் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும், அதற்குள் முதல் காற்று அடித்து கரன்டும் போயிருக்கும். இது நிறைய வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. அதை மாற்றத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர் மின்பாதையின் கடைசியில் இருக்கிறது, அதனால் சரிசெய்யும் வரிசையிலும் கடைசியில்தான் வரும். இதை ஏற்றுக்கொண்டு மூன்று நாள் கணக்கில் ஏற்பாடு செய்தவர்களுக்கு இருட்டு பெரிய சிரமமாக இருப்பதில்லை. "ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடும்" என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 1: உங்கள் ஊருக்கு கரன்ட் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துணை மின்நிலையத்திலிருந்து ஃபீடர் என்ற ஒரு மின்பாதை கிளம்பும். பல நாடுகளில் அது 11 கிலோவோல்ட் லைன். வயல், தோப்பு, சாலையோரம் என்று பல கிலோமீட்டர் ஓடி, வழியில் கிளை பிரிந்து, டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி உங்கள் வீட்டுக்கு வருகிறது. பெரிய நகரங்களில் ஒரு பக்கம் அறுந்தால் வேறு பக்கத்திலிருந்து கரன்ட் கொடுக்க மாற்றுப் பாதை இருக்கும். சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரே பாதைதான். அந்தப் பாதையில் எங்கே ஒரு கிளை முறிந்து விழுந்தாலும் அதற்கு அப்பால் இருப்பவர்கள் எல்லோருக்கும் இருட்டு.

மழை பெய்ததும் கரன்ட் போகிறதே, மழைக்கும் கம்பிக்கும் என்ன பகை என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் மரம்தான். காற்றில் கிளை கம்பியில் உரசும், அல்லது கம்பியோடு கம்பி மோதும். இடி மின்னல் இன்சுலேட்டரை (கம்பத்தில் கம்பியைத் தாங்கும், கரன்ட் கடத்தாத பகுதி) உடைக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று இன்சுலேட்டர் மேல் படலமாகப் படிந்திருக்கும். பலத்த மழை அதைக் கழுவிவிடும், ஆனால் லேசான தூறலோ பனியோ அதை நனைத்து மட்டும் விடுவதால் அதன் மேலேயே மின்சாரம் பாய்ந்து லைன் டிரிப் ஆகும், அதாவது தானாகவே அணைந்துவிடும். வெயிலும் சும்மா விடாது. கடும் வெப்பமும் அதிக லோடும் சேர்ந்தால் கம்பி சூடேறி நீண்டு தொய்யும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இப்படி லைன்கள் வளர்ந்த மரங்களில் பட்டு டிரிப் ஆனதில் தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. வெட்டாமல் விட்ட மரம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: விளக்கு இரண்டு மூன்று தடவை மினுக்கிவிட்டு அப்புறம் ஒரேயடியாக அணையும். பல ஃபீடர்களில் ரீகுளோசர் என்ற தானியங்கி பிரேக்கர் இருக்கிறது. கிளை உரசிவிட்டு விலகியிருந்தால் கரன்ட் தங்கட்டும் என்று அது தானாகவே மறுபடி போட்டுப் பார்க்கும். மேல்நிலை லைன்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இப்படி வந்து போகும் வகைதான். சில தடவை முயன்றும் கரன்ட் தங்கவில்லை என்றால் அது மேலும் முயலாமல் பூட்டிக்கொள்ளும். ஆகவே மினுக்கி மினுக்கி முழுசாக அணைந்தால், எங்கேயோ ஏதோ நிஜமாகவே அறுந்திருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது. ஒரு ஆள் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். நீண்ட நேரத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம்.

படி 2: வீட்டில் யாருக்குக் கரன்ட் உயிர்ப் பிரச்சினை என்று பாருங்கள்

மற்ற எல்லா ஏற்பாட்டுக்கும் முன்னால் இது. ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி, நெபுலைசர், இன்சுலின், கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் என்று யாராவது இருந்தால் உங்கள் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல்கூட இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஒரு நிரப்பிய சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும். அதோடு, எத்தனை மணி நேரம் தாண்டினால் மருத்துவமனைக்கோ கரன்ட் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கிளம்புவது என்று ஒரு எண்ணை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடு இரவில், மரம் விழுந்த சாலையில், அந்த முடிவை எடுக்க முடியாது.

இன்சுலின் விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பயந்துபோகிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 28 நாள் கெடாமல் இருக்கும். உங்கள் மருந்தின் அட்டையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பனிக்கட்டி மேல் நேராகவும் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

படி 3: இன்வெர்ட்டர் கணக்கை நீங்களே போடுங்கள்

விற்பவர் "எட்டு மணி நேரம் வரும் சார்" என்பார். எந்த லோடில் என்று சொல்ல மாட்டார். கணக்கு எளிதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 12 பெருக்கல் 150, அதாவது 1800 வாட் ஹவர். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறையும், ஆகவே கையில் 900 என்று வையுங்கள். இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும், அதைக் கழித்தால் 750 வாக்கில் நிற்கும்.

இப்போது லோடு. 9 வாட் எல்இடி விளக்கு நான்கு, 70 வாட் மின்விசிறி இரண்டு, ரவுட்டருக்கு 10 வாட், மொத்தம் 186 வாட். 750-ஐ அதால் வகுத்தால் நாலு மணி நேரம்தான். அதே வீட்டில் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி (குறைவாகக் கரன்ட் இழுக்கும் வகை) மாட்டியிருந்தால் 106 வாட், அதாவது ஏழு மணி நேரம். ராத்திரி எல்லோரும் ஒரே அறையில் படுத்து, ஒரு பிஎல்டிசி விசிறி, ஒரு 5 வாட் விளக்கு, ரவுட்டர் மட்டும் ஓடினால் 45 வாட், பதினாறு மணி நேரம் வரும். பெரிய பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன் விசிறியை மாற்றுங்கள் என்பது என் உறுதியான கருத்து. லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம், அது ஒரு பெரிய வசதி.

ஈய பேட்டரி முழுசாக ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். இடையில் ரெண்டு மணி நேரம் கரன்ட் வந்துவிட்டுப் போனால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மாதம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் காற்றோட்டம் இல்லாத அலமாரியில் வைக்கக் கூடாது, பக்கத்தில் தீயும் கூடாது.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு இணைத்த சோலார், கிரிட் நின்றதும் தானும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் ஒரு விளக்குகூட எரியாது. லைனில் வேலை செய்பவருக்குக் கரன்ட் திரும்பப் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது எந்த வகை என்று பொருத்தியவரிடம் இன்றே கேளுங்கள்.

படி 4: வயரிங்கையும் எர்த்தையும் காய்ந்த நாளில் சோதிக்கச் சொல்லுங்கள்

நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து எர்த் இணைப்பை அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போடுங்கள். ஈரமான சுவரில் கசியும் கரன்டிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது அதுதான். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அமுக்கி விழுகிறதா என்று பாருங்கள். கூடவே ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பான் ஒன்றும் மெயினில் வேண்டும். அது ஏன் என்று படி 8-இல் சொல்கிறேன்.

திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பான் நல்லதுதான், ஆனால் பக்கத்திலேயே இடி விழுந்தால் எதுவும் தாங்காது. பிளக்கைப் பிடுங்குவதுதான் நிச்சயமான வழி. பலர் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிள் ஒயரையும் ரவுட்டருக்கு வரும் செம்பு ஒயரையும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒயர் வழியாகவும் மின்னல் தாக்கம் வரும்; செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் கருகுவதற்கு அது போதும்.

படி 5: எச்சரிக்கை வந்த நாளில் செய்ய வேண்டியவை

தண்ணீர்தான் முதல் வேலை. வீட்டு மோட்டார் மட்டுமில்லை, ஊர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரும் கரன்டில்தான் ஓடுகிறது, ஆகவே குழாயும் அடுத்த நாள் நின்றுவிடலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளுக்கு மூடிய பாத்திரங்களில் பிடித்து வையுங்கள், கழிவறைக்குத் தனியாக. பிறகு தண்ணீர் சுத்தமா என்று சந்தேகம் வந்தால் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும், உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிஷம்.

ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறையவிடுங்கள். ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் உறைந்ததும் அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள், இதன் பலன் பின்னால் தெரியும். போன், பவர் பேங்க், லேப்டாப் எல்லாவற்றையும் முழுசாக ஏற்றுங்கள். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒரு போனை நிஜத்தில் மூன்று தடவை வாக்கில்தான் நிரப்பும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருக்கட்டும், ஏனென்றால் செல்போன் டவர்களில் இருக்கும் பேட்டரியும் பல இடங்களில் சில மணி நேரத்துக்குத்தான். வெள்ளம் வரும் இடமென்றால் தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச்போர்டைத் தொடவே கூடாது.

இடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் பிளக் பிடுங்கும் வேலையை விட்டுவிடுங்கள், அது முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் வரை வெளியே போகாமல் இருப்பது நல்லது.

படி 6: கரன்ட் போனதும் முதல் பத்து நிமிஷம்

முதலில் ஜன்னல் வழியாகப் பாருங்கள். பக்கத்து வீடும் தெருவிளக்கும் எரிகிறதா? எரிந்தால் பிரச்சினை உங்கள் வீட்டில். ஆர்சிசிபி விழுந்திருந்தால் எல்லா எம்சிபியையும் (போர்டில் வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள தனி சுவிட்ச்) கீழே தள்ளி, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போடும்போது மறுபடி விழுகிறதோ அந்தப் பகுதியில் ஈரம் இறங்கியிருக்கிறது. அதை அணைத்துவிட்டு மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். வெளிவாசல் விளக்கும் மொட்டைமாடி பிளக்கும்தான் அடிக்கடி காரணமாக இருக்கும்.

தெருவே இருட்டென்றால் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுவதால் யாருமே சொல்லாமல் போவது சின்ன ஊரில் சகஜம். "கரன்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எது, பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் என்ன, எத்தனை மணிக்குப் போனது, வெடிச்சத்தமோ தீப்பொறியோ எந்தப் பக்கம் என்று சொன்னால், லைன்மேன்கள் மழையில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து தேடும் நேரம் குறையும். சொல்லிவிட்டால் போதும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டாம். முதலில் உயர் அழுத்த லைன், அப்புறம் துணை மின்நிலையம், அப்புறம் மருத்துவமனை, குடிநீர், பிறகு பெரிய ஃபீடர், கடைசியில் கிளை லைனும் தனி வீடுகளும் என்று அவர்கள் வேலை போகும். ஒரே இணைப்பில் அதிகம் பேருக்கு எது கரன்ட் தருமோ அதை முதலில் சரிசெய்வது நியாயம்தான்.

இந்த வரிசை எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு தீவிரமான உதாரணம்: 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருட்டாக்கியது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் திரும்ப வர ஏறக்குறைய 11 மாதம் ஆனது. மலைக்கிராமங்களுக்குத்தான் கடைசியில் வந்தது.

படி 7: இருட்டில் உயிரைக் காப்பாற்றும் மூன்று விஷயம்

கம்பி. இந்தப் பகுதியை மட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். கீழே கிடக்கும் கம்பி பொறி பறக்காமல், சத்தமில்லாமல் கிடந்தாலும் அதில் கரன்ட் இருக்கலாம். காய்ந்த மண்ணிலோ கான்கிரீட்டிலோ விழுந்த கம்பியிலிருந்து பாயும் கரன்ட் ஃபியூஸை உருக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம், அப்போது லைன் அணையாமலே இருக்கும். அணைந்தது என்றாலும் ரீகுளோசர் திரும்பப் போடும், அல்லது யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் அதை உயிர்ப்பிக்கும். 10 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். தெரியாமல் அருகில் வந்துவிட்டால் ஓடக் கூடாது. தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும், அகலக் கால் வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் இழுத்து இழுத்து நகர வேண்டும். வண்டி மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள்; தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலும் சேர்த்துக் குதியுங்கள், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல். கம்பால் தள்ளிப் பார்ப்பது வேண்டாம், உயர் அழுத்தத்துக்கு முன்னால் ஈரக் குச்சி ஒன்றும் தடையில்லை. கரன்ட் அடித்தவர் இன்னும் கம்பியோடு இருந்தால் தொடாதீர்கள். மின்னல் தாக்கியவர் வேறு, அவர் உடம்பில் கரன்ட் தங்காது, உடனே தொட்டு முதலுதவி செய்யலாம்.

புகை. ஜெனரேட்டரை வீட்டுக்குள், வராந்தாவில், ஷட்டர் திறந்த கராஜில்கூட ஓட்டக் கூடாது. ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே ஓடுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் கரன்ட் போனபோது, சூட்டுக்காக வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும் கராஜில் காரை ஓடவிட்டும் பலர் இப்படி இறந்தார்கள். ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகுவதும் கொலைக்குச் சமம்: அந்தக் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி, கம்பத்தில் இருக்கும் லைன்மேனைத் தாக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கவே கூடாது.

உணவு. திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. "என்ன இருக்கு பார்க்கலாம்" என்று ஒவ்வொரு தடவை திறப்பதும் அந்த நேரத்தைத் தின்னும். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த பால், இறைச்சி, சமைத்த உணவு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். டம்ளரில் வைத்த நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மெழுகுவர்த்தியை நான் வீட்டில் வைப்பதையே விட்டுவிட்டேன். எல்இடி டார்ச்சை ஒரு வெள்ளைத் தண்ணீர் கேனுக்கு அடியில் வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் கிடைக்கிறது, தூங்கிவிட்டாலும் பயமில்லை.

படி 8: கரன்ட் வரும்போதுதான் கருவிகள் சாகும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு காற்று மழைக்குப் பிறகு கரன்ட் வந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தது, மின்விசிறி பறந்தது. நல்ல வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டு நான் சும்மா இருந்த அரை நிமிஷத்தில் ஃப்ரிட்ஜும் இரண்டு சார்ஜரும் போய்விட்டன. கம்பத்தில் நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருந்தது.

மூன்று ஃபேஸ் (கரன்ட் வரும் கம்பி) உள்ள லைனில் வீடுகள் வேறு வேறு ஃபேஸில் இருக்கும், எல்லோருக்கும் நியூட்ரல் ஒன்று. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் என்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட். பொது நியூட்ரல் அறுந்தால் வீடுகள் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொண்டு, குறைவான லோடு இருக்கும் வீட்டுக்கு அந்த 400-இல் பெரும்பங்கு போய்விடும்.  அடையாளம் எளிது: சில விளக்கு அதிகப் பளிச், சில விளக்கு மங்கல். பார்த்த நொடியே மெயினை அணைத்துவிட்டு அக்கம்பக்கத்துக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பான் இருந்தால் அதுவே துண்டித்துவிடும்.

ஆகவே கரன்ட் போனதுமே ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார், டிவி எல்லாவற்றையும் அணைத்து, ஒரே ஒரு விளக்கை மட்டும் சுவிட்ச் போட்டு வையுங்கள். அது எரிந்து பத்து நிமிஷம் சீராக நின்ற பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் சில நிமிஷம் இடைவெளி விட்டு. இது உங்கள் கருவிக்காக மட்டும் இல்லை. நீண்ட இருட்டுக்குப் பிறகு ஊரில் உள்ள அத்தனை மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே நொடியில் இழுத்தால், இப்போதுதான் சரிசெய்த ஃபீடர் மறுபடி டிரிப் ஆகும். வெள்ளம் புகுந்த வீடென்றால் எலெக்ட்ரீஷியன் சோதித்த பிறகே மெயினைத் தொட வேண்டும்.

படி 9: அடுத்த மழைக்கு முன் ஊராகச் சேர்ந்து

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, போன நேரம், வந்த நேரம், அன்றைய வானிலை, தெரிந்தால் காரணம். மின் நிறுவனங்களே தங்கள் சேவையை, ஒரு வாடிக்கையாளருக்கு வருஷத்தில் சராசரியாக எத்தனை தடவை, எத்தனை நிமிஷம் நின்றது என்று இரண்டு எண்ணால்தான் அளக்கின்றன. "அடிக்கடி போகுது" என்ற மனுவைவிட, ஒரே கிளை லைன் ஆறு மாதத்தில் இத்தனை தடவை போயிருக்கிறது, அதில் இத்தனை தடவை காற்றடித்த நாள் என்று காட்டும் தாளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்போது கேட்க வேண்டியதும் குறிப்பாக இருக்க வேண்டும்: இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை மரம் கழிப்பது, மரம் அடர்ந்த இடத்தில் உறையிட்ட கம்பி, ஒரு கிளையில் கோளாறு வந்தால் ஊர் முழுக்க அணையாமல் அந்தக் கிளை மட்டும் பிரியும்படி ஒரு சுவிட்ச்.

மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு நாலு பேர் சேர்ந்து லைன் ஓரமாக ஒரு நடை நடந்து வாருங்கள். கம்பியைத் தொடும் கிளை, சாய்ந்த கம்பம், உடைந்த இன்சுலேட்டர், தொய்ந்த ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) எல்லாவற்றையும் கம்ப எண்ணோடு போட்டோ எடுங்கள். கிளையை நீங்களே வெட்ட ஏற வேண்டாம், லைனை அணைத்து எர்த் செய்த பிறகு மின்வாரிய ஆட்கள் வெட்டட்டும். படங்களை அவர்களிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கி அந்த நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அதே வழியில் இன்னொரு தடவை நடந்து, வெட்டாமல் விட்ட கிளைகளை மட்டும் குறித்துக்கொண்டு மறுபடி போங்கள்.